புடவை ஊரில் புத்தகப் பைகள்

கோட்டா என்றதும் நம் பெண்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது புடவைதான். வெயில் காலத்தில் உடுத்தியிருப்பதே தெரியாமல் லேசாக இருக்கும் அந்தக் கட்டம் போட்ட புடவைக்கு ஆசைப்படாதவர் யார்? வீடு கட்டியவர்களைக் கேட்டால் கோட்டா என்பது கல். பச்சையும் சாம்பலும் கலந்த அந்தத் தரைக்கல் நம் ஊர் மாடிப்படிகளிலும் பள்ளிக்கூட வராந்தாக்களிலும்கூட இருக்கிறது. ஆனால் பத்தாவது படிக்கும் பிள்ளையை வைத்திருக்கும் ஒரு தாயிடம் இந்த ஊர்ப் பெயரைச் சொல்லிப் பாருங்கள்! புடவையும் கல்லும் மறந்து போய்விடும். "அங்கே சேர்த்தா டாக்டர் ஸீட் கிடைச்சுடுமாமே?" என்றுதான் கேட்பாள்.

இந்த மூன்று கோட்டாவையும் ஒரே பயணத்தில் பார்க்கும் சந்தர்ப்பம் 2025 நவம்பரில் எனக்குக் கிடைத்தது. என் நாத்தனாரின் கணவருக்கு ராஜஸ்தானில் ராவத்பாட்டா அணுமின் நிலையத்தில் உத்தியோகம். கோட்டாவிலிருந்து காரில் சுமார் ஒன்றரை மணி நேரப் பயணம். அவர்களுடைய பெண் பத்தாவது படிக்கிறாள். டாக்டராக வேண்டும் என்பது அவளே சொன்ன ஆசை. "பத்தாவது முடிஞ்சதும் கோட்டாவிலே கொண்டு போய் விட்டுடலாமா, இல்லே பன்னிரண்டு முடியட்டும்னு இருக்கலாமா? நாலு நாள் வந்து பார்த்துட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க அண்ணி" என்று நாத்தனார் போனில் கூப்பிட்டாள். புடவை வாங்கின மாதிரியும் ஆயிற்று என்று கிளம்பினேன்.

சம்பல் கரையில்

டில்லி - மும்பை பெரிய ரயில் பாதையில் இருக்கிறது கோட்டா. டில்லியிலிருந்து வேகமான வண்டியில் ஐந்தாறு மணி நேரம். ராஜஸ்தான் என்றால் மணலும் ஒட்டகமும் என்று நினைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு இங்கே ஆச்சரியம் காத்திருக்கிறது. ஊரை ஒட்டி வற்றாத சம்பல் நதி ஓடுகிறது. 1960-ல் கட்டி முடித்த அணைக்கட்டு ஊரின் ஓரத்திலேயே இருக்கிறது. நடு ஊரில் கிஷோர் சாகர் என்ற ஏரி. 1346-ல் வெட்டியதாம். அதன் நடுவே, 18ஆம் நூற்றாண்டில் கோட்டா ராணி ஒருத்தி கட்டிய ஜக்மந்திர் என்ற சிவப்புக் கல் மாளிகை. சாயங்கால வெயிலில் தண்ணீரில் அதன் நிழல் விழும்போது பார்க்க வேண்டும்! ஏரிக்கரைப் பூங்காவில் தாஜ் மகால், ஈஃபில் கோபுரம், பைசா நகரச் சாய்ந்த கோபுரம் என்று ஏழு உலக அதிசயங்களைச் சின்ன அளவில் செய்து வைத்திருக்கிறார்கள். குழந்தைகளுக்குக் கொண்டாட்டம்தான்.

ஊரின் விசேஷப் பலகாரம் கச்சோரி. உளுத்தம் பருப்பும் பெருங்காயமும் சேர்ந்த பூரணம். நம் நாக்குக்கு நன்றாகவே ஒத்துக்கொள்ளும். போக நினைப்பவர்கள் அக்டோபரிலிருந்து மார்ச்சுக்குள் போய்விடுங்கள். மே மாத வெயில் நம் வேலூரையும் தோற்கடித்துவிடும்.

புடவை நெய்கிற இடம் பக்கத்திலுள்ள கைதூன் என்ற சிற்றூர். வீட்டுக்கு வீடு தறி. நெய்கிறவர்களில் பெண்கள் நிறைய. பருத்தி நூலும் பட்டு நூலும் கலந்து, நூலுக்கு வெங்காயச் சாறும் அரிசிக் கஞ்சியும் கொடுத்து, கட்டம் கட்டமாக நெய்கிறார்கள். அந்தக் கட்டத்துக்கு 'கத்' என்று பெயர். முன்னாளில் மைசூர்ப் பக்கத்திலிருந்து நெசவாளர்களை இங்கே அழைத்து வந்தார்களாம். அதனால் இதற்கு 'மசூரியா' என்றும் ஒரு பெயர் உண்டு. வேலைப்பாட்டைப் பொறுத்து ஒரு புடவைக்கு வாரக்கணக்கில் ஆகிறது. அவசரப்படுத்தினால் கட்டம் கோணிவிடும் என்றாள் தறியில் இருந்த ஒரு பாட்டி.

சாப்பாட்டு மேஜையில் பிறந்த தொழில்

நெசவும் கல்லும் ஆலைகளுமாக இருந்த ஊர் எப்படிப் பரீட்சைக்குப் பேர் வாங்கியது? 1980-களின் தொடக்கத்தில் இங்கே ஜே.கே. ஸிந்தெடிக்ஸ் ஆலையில் வி.கே. பன்ஸால் என்ற எஞ்சினியர் இருந்தார். தசைகள் மெல்ல மெல்ல வலுவிழக்கும் நோய் அவருக்கு. வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். அவரிடம் படித்த பிள்ளைகள் ஐ.ஐ.டி.க்குத் தேறவும் பேர் பரவியது. 1997-ல் அந்த ஆலை மூடப்பட்டபோது ஊரைத் தாங்கிப் பிடித்தது இந்தக் கோச்சிங்தான். எஞ்சினியரிங்குக்கு ஆரம்பித்தது டாக்டர் படிப்புக்கும் பரவியது. சக்கர நாற்காலியில் அமர்ந்தே பாடம் நடத்திய பன்ஸால் 2021-ல் காலமானார்.

தல்வண்டி, விஞ்ஞான் நகர், ஜவஹர் நகர், ஆற்றுக்கு அந்தப் பக்கம் குன்ஹாடி என்று எங்கே திரும்பினாலும் ஹாஸ்டல்தான். ஒரே மாதிரி பையை முதுகில் சுமந்துகொண்டு பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகப் போகின்றன. மெஸ், ஜெராக்ஸ் கடை, டிஃபன் கேரியர் தூக்கிக்கொண்டு ஓடும் சைக்கிள்... காய்கறிக் கடையில் நின்றால் பீகார், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம் என்று பல ஊர் அம்மாக்கள். கணவரை ஊரில் விட்டுவிட்டு, ஒரு ரூம், ஒரு ஸ்டவ், ஒரு பிள்ளை என்று இங்கே குடித்தனம் செய்கிறார்கள். "ரெண்டு வருஷமா தீபாவளிக்கு ஊருக்குப் போகலை" என்றாள் ஒருத்தி, வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்தபடி. பேச்சில் வருத்தம் இல்லை. பழகிப்போயிருந்தது. அதுதான் எனக்கு என்னவோ போல் இருந்தது.

தல்வண்டியில் ராதாகிருஷ்ணர் கோவில் ஒன்று இருக்கிறது. அதன் சுவரில் பிள்ளைகள் தங்கள் வேண்டுதலை எழுதிவைக்கிறார்கள். ரேங்க், காலேஜ் பெயர், அம்மா அப்பாவுக்கு நல்ல ஆரோக்கியம்... இடமில்லாமல் போனால் வெள்ளையடித்துவிடுவார்கள். மறுபடி நிறைந்துவிடும். என் நாத்தனார் பெண் எதுவும் எழுதவில்லை. வெகுநேரம் படித்துக்கொண்டு மட்டும் நின்றாள்.

எந்த வயதில்?

இங்கே வரும் பிள்ளைகள் மூன்று வகை. பத்தாவது முடித்து இரண்டு வருஷப் படிப்புக்கு வருகிறவர்கள் ஒரு வகை. பதினொன்று முடித்து ஒரு வருஷத்துக்கு வருகிறவர்கள் இரண்டாவது வகை. பன்னிரண்டாவதையும் முடித்து, ஒரு தடவை எழுதிப் பார்த்து, இன்னொரு தடவைக்காக ஒரு முழு வருஷத்தை ஒதுக்கிக்கொண்டு வருகிறவர்கள் மூன்றாவது வகை. இவர்களுக்கு இங்கே 'டிராப்பர்' என்று பெயர்.

பத்தாவது முடித்து வருகிறவர்கள் பள்ளிக்கூடத்துக்கு என்ன செய்வார்கள் என்று கேட்டேன். பெயரை ஒரு பள்ளியில் பதிந்துவிட்டு, நாள் முழுக்கக் கோச்சிங்கில் இருப்பதும் உண்டாம். 'டம்மி ஸ்கூல்' என்று அதற்குப் பெயர். சகோதரிகளே, இதில் ஜாக்கிரதை வேண்டும். 2024 நவம்பரில் சி.பி.எஸ்.இ. வாரியம் இப்படி நடந்த 21 பள்ளிகளின் அங்கீகாரத்தை ரத்து செய்தது. நீட் என்ன மார்க் வாங்கினாலும் பன்னிரண்டாவது முறையாகத் தேறாமல் டாக்டர் படிப்பில் சேர முடியாது.

நம் ஊரிலிருந்து அனுப்ப நினைப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீடு 2020-லிருந்து இருக்கிறது. அதற்கு ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். நடுவில் வெளி மாநிலத்துக்கு மாற்றினால் அந்த உரிமை போய்விடும். மற்றப் பிள்ளைகளும் ஆறு முதல் பன்னிரண்டு வரை ஏதாவது ஒரு வகுப்பை வெளியே படித்திருந்தால், மாநில ஒதுக்கீட்டுக்குப் பிறப்பிடச் சான்றிதழும் பெற்றோரின் சான்றுகளும் காட்ட வேண்டும். பதினைந்து வயதில் ஒரு மாற்றம் செய்யும்போது இதையெல்லாம் யார் யோசிக்கிறார்கள்?

இன்னும் பெரிய விஷயம் மனசு. 2023-ல் மட்டும் இந்த ஊரில் இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அதற்குப் பின் அரசாங்கம் விழித்துக்கொண்டது. பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைச் சேர்க்கக் கூடாது என்று 2024 ஜனவரியில் மத்திய அரசு நெறிமுறை வெளியிட்டது. 2025 செப்டம்பரில் ராஜஸ்தான் சட்டசபை கோச்சிங் நிலையங்களுக்கென்றே ஒரு சட்டம் நிறைவேற்றியது. கலெக்டராக இருந்த ரவீந்திர கோஸ்வாமி, தாமே டாக்டருக்குப் படித்தவர். 2024-ல் அவர் பெற்றோருக்குக் கடிதம் எழுதினார். தாமும் முதல் முயற்சியில் மருத்துவ நுழைவுத் தேர்வில் தேறவில்லை என்பதை அதில் மறைக்காமல் சொன்னார். ஆயிரம் புத்திமதியைவிட அந்த ஒரு வரி எத்தனை தாய்மாருக்குத் தெம்பு கொடுத்திருக்கும்!

இரண்டு கடிகாரங்கள்

நாலு நாள் சுற்றியதில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான். இந்தப் படிப்பில் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. ஒன்று காகிதக் கடிகாரம். விண்ணப்பம், சான்றிதழ், கடைசித் தேதி. இது ஒரு நிமிஷம்கூட நமக்காகக் காத்திருக்காது. இன்னொன்று பிள்ளையின் கடிகாரம். இது காத்திருக்கும். நாமோ பிள்ளையின் கடிகாரத்தை வேகமாக முடுக்குகிறோம். காகிதக் கடிகாரத்தைக் கோட்டை விடுகிறோம்!

2025 கணக்கைப் பாருங்கள். நீட் விண்ணப்பம் பிப்ரவரி 7-லிருந்து மார்ச் 7 வரை. அதே சமயம் பிளஸ் டூ பிள்ளைக்குப் பிராக்டிகல். மார்ச் 3-ல் தமிழ்நாட்டில் பொதுத் தேர்வும் ஆரம்பம். பொதுத் தேர்வு மார்ச் 25-ல் முடிந்தது. நீட் மே 4. நடுவில் சரியாக நாற்பது நாள். முடிவு வந்தது ஜூன் 14. ஆனால் தமிழ்நாட்டு மருத்துவப் படிப்பு விண்ணப்பம் ஜூன் 6-லேயே தொடங்கிவிட்டது. 'மார்க் வரட்டும், பிறகு பார்க்கலாம்' என்று உட்கார்ந்திருந்தவர்களுக்கு எத்தனை பரபரப்பு! நூற்றுக்கு 15 இடம் கொண்ட அகில இந்திய ஒதுக்கீட்டுக்குத் தனியாகப் பதிய வேண்டும். மாநிலத்தின் 85-க்குத் தனி. ஒன்றுக்குப் போட்டால் மற்றதற்கும் போட்டதாக ஆகாது.

தேதிகள் மாறுவதும் உண்டு. கொரோனா காலத்தில் 2020-ல் செப்டம்பர் 13-ம், 2021-ல் செப்டம்பர் 12-ம் பரீட்சை நடந்தது. 2022-ல் ஜூலை 17. 2024-ல் முடிவு ஜூன் 14 என்று சொல்லியிருந்து ஜூன் 4-லேயே வந்தது. பிறகு வழக்கு, 1,563 பேருக்கு மறுதேர்வு என்று கவுன்சலிங் ஆகஸ்ட் வரை தள்ளிப்போனது. ஆகவே போன வருஷத் தேதியை நம்பாமல் அந்தந்த வருஷ அறிவிப்பைத்தான் பார்க்க வேண்டும்.

இந்தக் காகிதக் கடிகாரத்தை அம்மா ஏற்றுக்கொள்ளலாம். டிசம்பர் மாதமே ஒரு பை போடுங்கள். பத்தாவது மார்க் பட்டியல், ஆதார், ஜாதிச் சான்றிதழ், பிறப்பிடச் சான்றிதழ், வெள்ளைப் பின்னணியில் பாஸ்போர்ட் அளவிலும் போஸ்ட் கார்டு அளவிலும் போட்டோக்கள். பெயரும் இனிஷியலும் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று எழுத்துக்கு எழுத்துப் பாருங்கள். ஆதாரில் ஒரு மாதிரி, மார்க் பட்டியலில் ஒரு மாதிரி இருந்தால் திருத்த நாள் பிடிக்கும். பிற்பட்டோர் வகுப்பினர் கவனிக்க: நம் மாநிலச் சான்றிதழ் வேறு, அகில இந்திய ஒதுக்கீட்டுக்குக் கேட்கும் மத்திய அரசு ஓ.பி.சி. சான்றிதழ் வேறு. இரண்டும் வேண்டும்.

பரீட்சை பகல் 2 மணிக்கு ஆரம்பித்து 5 மணிக்கு முடிகிறது. சோறு உண்டு கண் சொக்கும் நேரம்! ஏப்ரல் மாதம் முழுக்க அந்த நேரத்தில் பிள்ளையைத் தூங்கவிடாமல் மாதிரித் தேர்வு எழுத வையுங்கள். காலையில் வயிறு கனக்காத ஆகாரம், மோர், தண்ணீர் போதும். 1.30-க்குக் கேட்டைச் சாத்திவிடுகிறார்கள். நகை, முழுக்கைச் சட்டை, பெரிய பொத்தான், ஷூ எதற்கும் அனுமதி இல்லை. பெண் பிள்ளைகளின் தோடு, வளையலை வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். வாசலில் நின்று கண்ணீரோடு கழற்ற வேண்டாம். மாதவிலக்கு நாள் வந்துவிடுமோ என்று பயந்து டாக்டரைக் கேட்காமல் மாத்திரை கொடுக்காதீர்கள்.

ஒரு வருஷம் போய்விடுமே!

பிள்ளையின் கடிகாரத்துக்கு வருவோம். 2025-ல் நீட் எழுதியவர்கள் 22 லட்சத்துக்கு மேல். நாடு முழுக்க எம்.பி.பி.எஸ். இடங்கள் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். முதல் தடவையே கிடைக்காததில் அவமானம் என்ன இருக்கிறது? சேரும் வருஷம் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருந்தால் போதும். மேல் வயது வரம்பு எடுக்கப்பட்டுவிட்டதாக 2022 மார்ச்சில் அறிவித்தார்கள். 2025 வரை இத்தனை தடவைதான் எழுதலாம் என்ற கட்டுப்பாடும் இல்லை. சட்டமே அவசரப்படாதபோது நமக்கு ஏன் அவசரம்?

ஆனால் இன்னொரு வருஷம் என்பது பிள்ளை கேட்டு எடுத்துக்கொள்வதாக இருக்க வேண்டும். நாம் கொடுக்கும் தண்டனையாக இருக்கக் கூடாது. முடிவு வந்த உடனே பேசாதீர்கள். ஒரு வாரம் போகட்டும். பிறகு மூன்று கேள்வி கேளுங்கள். இன்னும் இந்தப் படிப்பில் ஆசை இருக்கிறதா? எந்தப் பாடத்தில் மார்க் போயிற்று, அது ஒரு வருஷத்தில் சரியாகுமா? வீட்டிலிருந்தே படிக்க முடியுமா, வெளியே போகத்தான் வேண்டுமா? நர்ஸிங், பார்மஸி, கால்நடை மருத்துவம் முதலியவற்றுக்குத் தமிழ்நாட்டில் 2025 வரை பிளஸ் டூ மார்க்கைக் கொண்டுதான் இடம் கொடுத்தார்கள். அவற்றுக்கும் மே, ஜூனிலேயே விண்ணப்பம் போட்டு வையுங்கள். ஒரு கதவு சாத்தினால் இன்னொரு கதவு திறந்திருப்பது தெரிந்தாலே பிள்ளைக்குப் பாதி பயம் போய்விடும்.

வெளியே விட்டால் தினம் போனில் "இன்னிக்கு டெஸ்ட்டிலே எவ்வளவு?" என்று ஆரம்பிக்காதீர்கள். "என்ன சாப்பிட்டே? தூங்கினியா?" என்று கேளுங்கள். சாப்பாடு குறைந்தாலோ, தூக்கம் கெட்டாலோ, பேச்சு ஒற்றைச் சொல்லாகிவிட்டாலோ அடுத்த ரயிலைப் பிடியுங்கள். கட்டிய பணம் போனால் போகட்டும். மனக் கஷ்டத்துக்கு 14416 என்ற எண்ணில் 'டெலி மானஸ்' உதவி இலவசமாக, இரவும் பகலும் கிடைக்கிறது. தமிழிலும் பேசலாம்.

கிளம்புவதற்கு முதல் நாள் ராத்திரி, நாத்தனார் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்து பேசினோம். "உனக்கு என்னம்மா தோணுது?" என்று பெண்ணையே கேட்டோம். "பன்னிரண்டாவது வரைக்கும் இங்கேயே ஸ்கூல்ல படிக்கிறேன். பரீட்சை எழுதிப் பார்க்கிறேன். அப்புறம் வேணும்னா ஒரு வருஷம் கோட்டா போறேன், அத்தை. பதினெட்டு வயசிலே போனா எனக்கே என்னைப் பார்த்துக்கத் தெரியும்" என்றாள். அவள் அப்பா மட்டும், "ரெண்டு வருஷம் முந்தியே மற்றப் பிள்ளைங்க ஆரம்பிச்சுடுறாங்களே" என்று இழுத்தார். நாத்தனார் விடவில்லை. "ஃபாரம், சர்டிபிகேட் எல்லாம் நான் பார்த்துக்கிறேன். ஒரு தேதி தவறாது. அவ படிக்கட்டும், தூங்கட்டும்" என்றாள். எழுந்து போய், மாட்டியிருந்த காலண்டரைப் புரட்டி, பிப்ரவரித் தாளில் பென்ஸிலால் ஒரு வட்டம் போட்டாள். அது இரண்டு வருஷம் முன்கூட்டியே போட்ட வட்டம் என்று பெண் சிரித்தாள். "இருக்கட்டும்டி, கை பழகட்டும்" என்றாள் தாய்.